நான்காம் வீட்டுக் குடித்தனக்காரி

ஆய்வு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கோல்பிட் தரும வீடுகளில் இருந்த பெண்களின் கை தானாக வாளியைத் தேடும். மார்ல்பிரிட்ஜ் ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒவ்வொரு வருடமும் இலை உதிரும் காலத்தில் நிறுவனர் நாள் வரும். அன்று அறங்காவலர்கள் சிற்றாலயத்தில் ஜெபம் முடித்து, வரிசையாக எட்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்து பார்ப்பார்கள். முன்னால் நடப்பவர் வெள்ளைக் கையுறையால் கணப்பின் மேல்பலகையைத் தடவி, விரலைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு வருடம் ஏழாம் வீட்டுக்காரியின் பலகையில் கரி ஒட்டியது. அந்த அம்மாள் ஈஸ்டர் வரை ஆலயத்தில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். யாரும் அவளை அங்கே போகச் சொல்லவில்லை.

கம்பளி வியாபாரியின் விதவை ஆலிஸ் கோல்பிட் எழுதி வைத்த தருமம் அது. ஊரில் வேறு போக்கிடமில்லாத பெண்களுக்கு ஆளுக்கொரு வீடு: கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, குளிர்காலத்துக்கு நிலக்கரி. கக்கூஸ் முற்றத்தைத் தாண்டி இருந்தது. குளிப்பதற்குத் தகரத் தொட்டியைக் கணப்பின் முன்னால் இழுத்துப் போட்டு, கெட்டில் கெட்டிலாகத் தண்ணீர் காய்ச்ச வேண்டும்.

நான்காம் வீட்டில் டோர்கஸ் ஹெம்ப்ரி இருந்தாள். அவள் கணவன் பண்ணைகளில் மாடு பார்த்தவன். பண்ணை வேலைக்குப் பண்ணையாரே வீடு கொடுப்பார். வேலை போனால் வீடும் போகும். கல்யாணமான நாளிலிருந்து டோர்கஸ் திரைச்சீலைகளை அவிழ்த்து வேறு ஜன்னலுக்கு வெட்டித் தைத்துக்கொண்டே இருந்தாள். கணவன் இறந்தபோது, புது மாட்டுக்காரனின் குடும்பம் சாமான் வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டது. அவள் இன்னும் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து ஒரு குழந்தை இறங்கி வந்து, இது எங்க வீடு என்று அவளிடம் சொன்னது. தரும வீட்டுக்கு வந்த அன்று டோர்கஸ் திரைச்சீலைக்கு விளிம்பு மடித்துத் தைத்து, மிஞ்சிய துணியை அடுப்பில் போட்டாள். இனி எந்த ஜன்னலுக்கும் அதை மாற்றித் தைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

ஐந்தாம் வீடு ஐவி ஸ்டாலார்டுடையது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். இளவயதில் ஹார்கம் மாளிகையில் வீட்டு வேலை செய்தவள். நெஞ்சில் சளி, நாக்கில் எலுமிச்சம்பழம் என்று ஊரில் சொல்வார்கள். தினமும் காலையில் இருவரில் யார் முதலில் எழுகிறாரோ அவர் கணப்பின் பின்சுவரைக் கம்பியால் தட்டுவார். மற்றவர் பதிலுக்குத் தட்டுவார். உயிரோடு இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சமையல் ஒரே அடுப்பில்தான். டோர்கஸ் முயல் இறைச்சியை மாவில் பொதிந்து சுடுவாள். ஐவி தின்றுவிட்டு, மாவு கொஞ்சம் கெட்டி என்பாள். வருடக்கணக்காக அதையே சொல்லி வருடக்கணக்காக இரண்டாவது துண்டும் வாங்கிக்கொண்டாள்.

டோர்கஸ் வீட்டில் ஒரு தொல்லை இருந்தது. கணப்புக்கு மேலே சுவரில் பழுப்பும் சிவப்புமாக ஒரு கறை. நிறுவனர் நாளுக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்தால் மறையும். கணப்பு எரியத் தொடங்கிச் சில வாரங்களில், வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மேலே வரும். உற்றுப் பார்த்தால் ஒரு பெண்ணின் முகம் போல இருக்கும். தலையில் முக்காடு கூடத் தெரியும்.

"உன் குடித்தனக்காரி வந்துட்டா போலருக்கே. வாடகை கேட்டியா?" என்பாள் ஐவி, தேநீருக்கு வந்து உட்காரும்போது.

"நானே வாடகை குடுக்காம இருக்கேன். அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?" என்பாள் டோர்கஸ்.

இடி அந்த வருடத்து நிறுவனர் நாள் விருந்தில்தான் விழுந்தது. இனிப்புக் கிண்ணங்களை எடுத்துப் போன பிறகு, அறங்காவலர்களின் செயலர் மிஸ்டர் ப்ரூவெட் எழுந்து தொண்டையைச் செருமினார். பழைய வரிசையை இடித்துவிட்டு அங்கே கடைகள் வரப்போகின்றன என்றார். ரயில் பாதைக்கு அப்பால் எட்டுப் புது வீடுகள் கட்டித் தருவோம், மாடிப்படி இல்லை, உள்ளேயே குளியலறை, குழாயைத் திருகினால் வெந்நீர் என்றார். சிலர் கை தட்டினார்கள். டோர்கஸ் மேசை விரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஐவி கை தட்டவில்லை.

அந்த வாரமே டோர்கஸ் வானொலியில் ஒன்றைக் கேட்டாள். பழமையான கட்டடங்களை அரசாங்கம் ஒரு பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கிறது. சேர்த்துவிட்டால் சொந்தக்காரரே ஆனாலும் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. உடனே ஐவியின் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐவியின் கையெழுத்து அழகாக இருக்கும். அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். ஐவி பேனாவை எடுக்கும் முன் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்தாள். புது வீட்டில் குளிர் இருக்காதாமே என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். டோர்கஸ் அது காதில் விழாததுபோல, எழுது எழுது என்றாள். ஐவி எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதில் வந்தது. வசந்தத்தில் ஒரு ஆய்வாளர் நேரில் வருவார் என்றார்கள்.

வரிசை முழுவதும் வாளிகள் வெளியே வந்தன. வாசற்படிகளுக்குச் செம்மெழுகு பூசினார்கள். பித்தளைக் கைப்பிடிகளைச் சாம்பலால் தேய்த்தார்கள். நிறுவனர் நாளுக்கு வரும் ஊர்ப் பெரியவர்களுக்கே இத்தனை செய்தால், லண்டனிலிருந்து வரும் ஆளுக்கு எத்தனை செய்ய வேண்டும். அழுக்கு வீட்டை யார் பாதுகாப்பார்கள்? புது வீடே மேல் என்று நினைத்தவர்கள் கூடத் தங்கள் படியை விட்டுக்கொடுக்கவில்லை.

டோர்கஸ் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டுக் கணப்பின் முன்னால் நின்றாள். குடித்தனக்காரி அந்தக் குளிர்காலத்தில் என்றுமில்லாத அளவுக்குத் தெளிவாக வந்திருந்தாள். ஐவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷமும் இதைத்தான் அடிச்ச. கிறிஸ்துமஸுக்குள்ள எட்டிப் பாத்துட்டா," என்றாள் ஐவி.

"வேற என்ன பண்றது?"

"மேல மேல பூசிட்டே இருந்தா போயிடுமா? இந்தத் தடவை அடியோட எடுத்துடு. சோடா போட்டு ஊறவச்சுச் சுரண்டு."

ஐவியே சலவை சோடாவும் கம்பி பிரஷ்ஷும் கொண்டுவந்தாள். நெஞ்சு தாங்காது என்பதால் அவள் வாளி மாற்றிக் கொடுத்தாள். டோர்கஸ் நாற்காலியில் ஏறி நின்று சுரண்டினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாக, முட்டை ஓடு போல உரிந்து விழுந்தது. அடியில் போகப் போக நிறம் மங்கவில்லை, பளிச்சென்று வந்தது. ஒரு மடிப்பு, ஒரு தோள், அதற்குக் கீழே ரத்தச் சிவப்பு.

டோர்கஸ் பிரஷ்ஷை நிறுத்தினாள். "என்னடி இது, இவ்ளோ செவப்பா வருது?"

"செங்கல் கரையுது. நிறுத்தாத, தேய்," என்றாள் ஐவி.

டோர்கஸ் தேய்த்தாள். சாயங்காலத்துக்குள் சுவர் சாம்பல் நிறத்தில் மொட்டையாக இருந்தது. அவள் விரல் முட்டிகள் தோல் உரிந்து எரிந்தன. ஐவி அவற்றில் வெண்ணெய் தடவிவிட்டாள்.

ஆய்வாளர் ஒரு பெண். மிஸ் தாக்ரே என்று பெயர். சேற்றுக் காலணியோடு செம்மெழுகுப் படியில் நேராக ஏறி வந்தாள். படியைப் பார்க்கவே இல்லை. வரிசையின் முகப்பை அண்ணாந்து பார்த்து, இது நூறு வருடம் முன்னால் மாற்றிக் கட்டியது, இதற்காக அமைச்சகம் அசையாது என்றாள். ஏணி வைத்துக் கூரைக்குள் போய் வந்தாள். பழைய உத்தரங்கள் எப்போதோ தீயில் போய்விட்டிருந்தன. ஒவ்வொரு வீடாகப் பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. பளபளக்கும் கைப்பிடிகளை எல்லாம் விட்டுவிட்டு, மூலைகளிலும் அலமாரிகளுக்கு அடியிலும் டார்ச் அடித்தாள். என்னதான் தேடுகிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

நான்காம் வீட்டில் ஐவி கேக்கை வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மிஸ் தாக்ரே உள்ளே வந்ததும் காற்றை முகர்ந்து பார்த்தாள். சோடா வாசனை இன்னும் போகவில்லை. கணப்பின் அருகே போய்ச் சுவரைத் தடவினாள். பலகைக்கு அடியில் ஒரு மூலையில், பிரஷ் நுழையாத இடுக்கில், கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பு மிச்சமிருந்தது. அதற்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க என்ன இருந்துச்சு, மிஸஸ் ஹெம்ப்ரி?"

டோர்கஸ் பெருமையாகச் சொன்னாள். பிடிவாதமான கறை, மிஸ், எத்தனை வருடமாகவோ தொல்லை, உங்களுக்காக அடியோடு எடுத்துவிட்டோம் என்றாள். முக்காடு போட்ட பெண் மாதிரி இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மிஸ் தாக்ரே சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்ல மறந்துவிட்டோமே என்று டோர்கஸுக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு மிஸ் தாக்ரே மெதுவாக விளக்கினாள். அது கறை இல்லை. சுவரோவியம். ஆலிஸ் கோல்பிட்டுக்கும் முன்னால், இந்த வரிசை முழுவதும் ஒரே பெரிய வீடாக இருந்த காலத்தில் வரைந்தது. அது இருந்திருந்தால் முகப்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வரிசை முழுவதையும் அன்றைக்கே பட்டியலில் சேர்த்திருக்கலாம். "இந்தப் பக்கத்துல இது மாதிரி வேற ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஹார்கம் மாளிகையில. அந்த ரூமுக்கே கயிறு கட்டி வச்சிருக்காங்க, ஒருத்தரும் கிட்ட போகக் கூடாதுன்னு. வேலைக்காரங்க தூசி தட்டக்கூட விடமாட்டாங்க."

டோர்கஸ் திரும்பி ஐவியைப் பார்த்தாள். ஐவி கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வீட்டுப் பக்கமும் ஓவியம் தொடர்ந்திருக்க வேண்டும், கொஞ்சம் கிடைத்தாலும் போதும் என்றாள் மிஸ் தாக்ரே. அவள் குரலில் உயிர் வந்தது. "உங்க வீட்டுல அப்படி ஏதாவது பாத்திருக்கீங்களா, மிஸ் ஸ்டாலார்டு?"

"என் பக்கம் வெறும் செங்கல்தான், மிஸ். எப்பவுமே," என்றாள் ஐவி.

டோர்கஸுக்கு நினைவிருந்தது. முன்பு ஒரு குளிர்காலத்தில் ஐவிக்கு நிமோனியா வந்தபோது அவள்தான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். காற்று வரும் பக்கத்தை மறைக்க அன்று துணி அலமாரியைச் சுவரோரமாக நகர்த்தினாள். அப்போது சுவரில் பூவைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிந்தது. ஐவி படுக்கையிலிருந்தே, அங்கயும் ஒருத்தி இருக்காளா என்று கேட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

"அலமாரிக்குப் பின்னால ஒரு கை இருக்கு, மிஸ். நான் என் கண்ணால பாத்தேன்," என்றாள் டோர்கஸ்.

மூவரும் ஐந்தாம் வீட்டுக்குப் போனார்கள். ஐவி கடைசியாக வந்தாள். டோர்கஸும் மிஸ் தாக்ரேவும் அலமாரியை இழுத்தார்கள். பின்னால் சுவர் முழுவதும் புது சிமென்ட். தொட்டால் இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது. பழைய பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுத்துவிட்டுப் பூசியிருந்தார்கள்.

"ஈரம் ஏறிச்சு, மிஸ். அக்கா பையன் வந்து பூசிக் குடுத்தான்," என்றாள் ஐவி. அவள் மிஸ் தாக்ரேவைப் பார்த்துதான் பேசினாள்.

"எப்ப?"

"ஒருநாள் டோர்கஸ் சந்தைக்குப் போயிருந்தப்ப. பதில் வந்ததுக்கு அப்புறம்."

மிஸ் தாக்ரே டார்ச்சை அணைத்துப் பையில் போட்டாள். தன்னால் முடிந்ததை எழுதுவதாகச் சொன்னாள். ஆனால் இல்லாத ஒன்றைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றும் சொன்னாள். கேக்கை யாரும் தொடவில்லை.

அவள் போன பிறகும் டோர்கஸ் ஐந்தாம் வீட்டிலேயே நின்றாள். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் தரும வீடுகளில் யாரும் கத்த மாட்டார்கள், சுவர் மெல்லியது.

"ஹார்கம்ல அந்த ரூமைப் பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"தினமும். கயித்துக்கு இந்தப் பக்கம் தரையைப் பெருக்கறது என் வேலை."

"அப்போ என் சுவத்துல இருக்கறது என்னன்னு உனக்கு மொதல்லயே தெரியும்."

"வந்த அன்னைக்கே தெரியும்."

"என் கையாலயே சுரண்ட வச்ச."

ஐவி கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "என்னால முத்தத்தைத் தாண்டி கக்கூசுக்குப் போக முடியல, டோர்கஸ். பனியில ரெண்டு தடவ விழுந்தேன். உங்கிட்ட சொல்லல. நெலக்கரி வாளிய தூக்கிட்டு வந்தா அரை மணி நேரம் பேச்சு வராது. அங்க குழாயைத் திருகினா வெந்நீர் வருமாம். எனக்கு அது வேணும்."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா? கடிதாசி போடாம இருந்திருப்பியா?"

டோர்கஸ் யோசித்தாள். பொய் சொல்லலாம். சொல்ல வரவில்லை. "போட்டிருப்பேன்," என்றாள்.

"அதான் கேக்கல."

டோர்கஸ் வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். மறுநாள் காலை பின்சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கம்பியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினாள் ஐவி. பிறகு கதவருகே செருப்புச் சத்தம் வந்து நின்றது. டோர்கஸ் வேண்டுமென்றே கரண்டியைச் சத்தமாகப் பாத்திரத்தில் போட்டாள். உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அன்றிலிருந்து தட்டுவது நின்றது.

பட்டியலில் சேர்க்கத் தகுதியில்லை என்று அமைச்சகம் சொல்லிவிட்டதாக மிஸ்டர் ப்ரூவெட் ஆலயத்தில் அறிவித்தார். டோர்கஸ் செய்த முயற்சியில் தவறில்லை என்று பெருந்தன்மையாகவும் பேசினார். கோடை முடிவதற்குள் புது வீடுகள் தயாராகிவிட்டன. யாருக்கு எந்த வீடு என்று ஆலய வாசலில் வைத்துக் கேட்டார். மிஸ் ஸ்டாலார்டு நடுவில் இரண்டு வீடுகளைச் சொல்லி வைத்திருக்கிறார், ஒன்று தனக்கு, பக்கத்து வீடு உங்களுக்கு, உங்களுக்கு வெயில் படும் பக்கம் என்று டோர்கஸிடம் சொன்னார்.

"ரயில் பாதை ஓரத்துல கடைசி வீடு யாருக்கு, சார்?" என்று கேட்டாள் டோர்கஸ்.

"அதை யாரும் கேக்கல. சரக்கு வண்டி போறப்ப ஜன்னலெல்லாம் ஆடும், மிஸஸ் ஹெம்ப்ரி."

"அதைக் குடுங்க."

ஐவி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

சாமான் ஏற்றும் நாளில் மிஸ் தாக்ரே மறுபடி வந்தாள். இடிக்கும் முன் படம் எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டுமாம். வண்டிக்காரர்கள் டோர்கஸின் கட்டிலை வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போதே கணப்பையும் மொட்டைச் சுவரையும் படம் எடுத்தாள். பிறகு, ஓவியம் எப்படி இருந்தது என்று நினைவிருப்பதைச் சொல்ல முடியுமா, எழுதியாவது வைக்கலாம் என்று கேட்டாள்.

டோர்கஸ் வாயைத் திறந்தாள். முக்காடு என்றாள். சிவப்பு என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எத்தனை வருடம் அந்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். ஒருமுறை கூட அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. இன்னும் எவ்வளவு தெரிகிறது, எத்தனை கை சுண்ணாம்பு வேண்டும் என்றுதான் பார்த்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியல, மிஸ்," என்றாள்.

ஐவி வாசலில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்கவும் இல்லை, வரவும் இல்லை. நிலைப்படியில் நின்றபடியே சொல்லத் தொடங்கினாள். முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். முக்காட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், முத்தாக இருக்கலாம். இடது தோளில் உடுப்பு கொஞ்சம் நழுவியிருக்கும். புருவம் மெல்லியது. வாய் ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல இருக்கும். கன்னத்தில் ஒரு விரிசல், அது தான் இங்கே வந்த மூன்றாவது வருடக் குளிரில் விழுந்தது, அதற்கு முன்னால் இல்லை. ஹார்கம் மாளிகைக்காரியை விட இவள் அழகு.

மிஸ் தாக்ரே வேகமாக எழுதினாள். ஐவி நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். தேநீருக்கு வந்து உட்கார்ந்த அத்தனை மாலைகளிலும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று டோர்கஸுக்கு இப்போது புரிந்தது. தான் முயல் இறைச்சியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே.

அழகு என்று தெரிந்தே வாளியை நீட்டியிருக்கிறாள்.

"கண்ணு என்ன நிறம்?" என்று கேட்டாள் மிஸ் தாக்ரே.

ஐவி டோர்கஸைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தாள். "கண்ணு எப்பவும் சுண்ணாம்புக்குள்ளயே இருந்துச்சு. அன்னைக்குத் தேய்க்கறப்பதான் வெளிய வந்துச்சு. நீதான் கிட்டத்துல இருந்த, டோர்கஸ். என்ன நிறம்னு பாத்தியா?"

டோர்கஸ் அந்த முகத்தின் பக்கம் கை போனபோது கண்ணை மூடிக்கொண்டுதான் தேய்த்திருந்தாள், சோடா தெறிக்குமே என்று. திரைச்சீலைகள் மட்டும் இன்னும் ஜன்னலில் இருந்தன. நாற்காலியைப் போட்டு ஏறி, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். புது வீட்டு ஜன்னல் அகலம் என்று சொன்னார்கள். துணி போதாது. கீழே நின்று நாற்காலியை அசையாமல் பிடித்துக்கொள்ள ஐவி இரண்டடி உள்ளே வந்தாள்.

"விடு," என்றாள் டோர்கஸ்.

ஐவி கையை எடுத்துவிட்டாள். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.